மேல் வரிசையில் ஐந்தாவது ஜன்னல்

உங்கள் நிலையத்துக் காப்பி இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, மரெஷாலோ. காவல் நிலையத்துக்குப் போய்வந்தவர்கள் ஆயிரம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காப்பியைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறந்ததில்லை. சர்க்கரை வேண்டாம். அந்த நோட்டைப் புரட்டுவதாக இருந்தால் மெதுவாகப் புரட்டுங்கள். ஒரு தடவை மழையில் நனைந்தது, சில தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. வில்லா ஸ்பினெத்தாவின் மேல் மாடியில் இருந்த ஜன்னலை யாரைக் கேட்டு அடைத்தாய் என்று. யாரையும் கேட்கவில்லை. பழைய கட்டடம், அரசாங்கப் பாதுகாப்பில் இருப்பது, அனுமதி இல்லாமல் ஒரு ஆணி அடிக்கக் கூடாது என்பதெல்லாம் உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இதை இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நீங்கள் சாப்பிடப் போய்விடலாம். ஆனால் ஏன் என்றும் கேட்டுவிட்டீர்கள். அது இரண்டு வரியில் அடங்காது.

என் பெயர் ஒரேஸ்தே வியாலே. வயது அறுபத்தெட்டு. நாற்பது வருடம் நிலம் அளந்து, வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவன். நம் ஊரில் பெயரைவிடத் தொழில்தானே முன்னால் வரும். சொலீவாவில் 'ஜியோமெத்ரா' என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பேன். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. ஒரு பெரிய மரக் காமிரா இருக்கிறது, முக்காலி இருக்கிறது, ரசமட்டம் இருக்கிறது. இந்த மூன்றையும் தூக்கிக்கொண்டு முப்பது வருடத்தில் இருநூற்றுப் பத்து வில்லாக்களுக்கும் தோட்டங்களுக்கும் போயிருக்கிறேன். லூக்காவில், வெரோனாவில், ஏரிக்கரைகளில், ரோமுக்கு மேலே மலைகளில். எல்லாவற்றையும் நேர் எதிரே நின்றுதான் எடுப்பேன். பக்கவாட்டில் நின்று வீட்டைப் படம் எடுப்பவனும் சாவித் துவாரத்தில் எட்டிப் பார்ப்பவனும் எனக்கு ஒன்றுதான்.

என் முறை எளியது. காமிராவின் லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியைப் பொருத்துவேன். அது வெளிச்சத்தைக் குறைக்கும். அதனால் மூடியைத் திறந்து பத்து நொடி, பதினாறு நொடி என்று விட்டு வைக்க வேண்டும். அந்த நேரத்தில் எது நகர்ந்தாலும் படத்தில் விழாது. புறா விழாது, சுற்றுலா வந்தவன் விழமாட்டான், அவன் குழந்தை விழாது. அசையாமல் நிற்கிற கல்லும் செடியும் சுவரும் மட்டும் மிஞ்சும். எத்தனை நொடி திறந்து வைத்தேன் என்பதை ஒவ்வொரு படத்துக்கும் அந்த நோட்டில் எழுதி வைப்பேன். ஒன்றைக்கூட விட்டதில்லை. நீங்களே பார்க்கலாம்.

மிலானில் ஒரு பதிப்பகம் என்னுடைய படங்களைப் புத்தகமாகப் போடுவதாகச் சொன்னது. அங்கே பொறுப்பில் இருக்கும் லொவாத்தி நல்ல பெண், குரல் கொஞ்சம் வேகம். செப்டம்பர் முடிவதற்குள் இருபது படம் வேண்டும், அட்டைக்கு ஒன்று நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றாள். எனக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. இருநூற்றுப் பத்து வில்லா எடுத்தவன், என் சொந்த ஊர் வில்லாவை மட்டும் எடுத்ததில்லை. அதன் சாவி என்னிடம்தான் இருக்கிறது. சொந்தக்காரி மார்க்கேசா, பிரபு வீட்டுச் சீமாட்டி, தூரினில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை திறந்து காட்டுவது, வேலைக்காரர்களை மேய்ப்பது எல்லாம் என் பொறுப்பு. இருந்தும் எடுக்க முடியவில்லை. காரணம் எர்சீலியா.

நீங்கள் நம் கடற்கரைக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, அதனால் சொல்கிறேன். நம் பக்கத்து வீடுகளில் எங்கே ஜன்னல் வைக்க முடியவில்லையோ அங்கே ஜன்னலை வரைந்துவிடுவோம். பச்சை மரக்கதவு, அதன் நிழல், கீழே கல் விளிம்பு, எல்லாம் சுவரில் வண்ணம். புறாக்களே அதில் உட்காரப் போய் வழுக்கி விழும். ஸ்பினெத்தாவின் முகப்பில் மூன்று வரிசை, வரிசைக்கு ஆறு, ஆகப் பதினெட்டு ஜன்னல். அதில் நான்கு வரைந்தவை. மேல் வரிசையில் இடப்பக்கமிருந்து இரண்டாவது வரைந்தது. அதற்கு இணையாக அந்தப் பக்கம் இருக்கும் ஐந்தாவது நிஜம். அந்த ஐந்தாவதுதான் எர்சீலியாவின் அறை.

எண்பத்தொரு வயது. அந்த வீட்டில் சமையல்காரியாக இருந்தவள். பழைய பிரபு, அந்த மார்க்கேசே, சாகும்போது, உயிர் உள்ளவரை அந்த அறை அவளுக்கு என்று எழுதி வைத்துவிட்டார். நான் அதைக் குறை சொல்லவில்லை. நன்றாகச் சமைத்தாள். ஆனால் பதினேழு ஜன்னல்கள் ஒழுங்காகக் கைகட்டி நிற்கும்போது அந்த ஒன்று மட்டும் ஒரு கதவு திறந்து, ஒரு கதவு மூடி, கப்பிக் கயிற்றில் துணி தொங்கி, விளிம்பில் சிவப்பு பிளாஸ்டிக் பேசினும் தக்காளி டின்னில் பசிலிக்கோ செடியுமாக இருக்கும். பெஸ்தோத் துவையல் அரைப்பதற்கு அவளுக்கு அந்தச் செடி வேண்டும். அதைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வாள். மலைக்காற்று அடித்தால், தூறல் விழுந்தால், முதல் வேலையாக டின்னை உள்ளே எடுப்பாள்.

நான் மரியாதையாகத்தான் கேட்டேன். கீழே முக்காலியை நட்டுவிட்டு, "எர்சீலியாக்கா, ஒரு அஞ்சு நிமிஷம், அந்தக் கதவ ரெண்டையும் சமமா திறந்து வச்சுட்டு உள்ள போயிருங்களேன்" என்றேன்.

அவள் போர்வையை உதறிக்கொண்டே குனிந்து பார்த்தாள். "டேய் ஒரேஸ்தே, அந்தப் பொட்டிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு அப்படி என்னடா தேடுற? கிடைச்சா எனக்கும் கொஞ்சம் குடு."

"அக்கா, இது புத்தகத்துக்கு."

"அப்ப நல்ல போர்வையா எடுத்துட்டு வரேன், இரு" என்றாள்.

எடுத்தும் வந்தாள். ரோஜாப்பூப் போட்ட ஆரஞ்சுப் போர்வை.

அதற்குப் பிறகு நான் செய்த சிறு காரியங்களையும் சொல்லிவிடுகிறேன், எதையும் மறைத்ததாக இருக்க வேண்டாம். கப்பிக் கயிறு நைந்திருந்தது. அது அறுவதற்குக் கத்தி கொஞ்சம் உதவி செய்தது. மறுநாளே புதுக் கயிறு கட்டிவிட்டாள். பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதினேன், தெருப்பக்கம் துணி காயப்போட்டால் அபராதம் என்று. அந்தக் கடிதத்தையே இரண்டு கிளிப் போட்டுக் கயிற்றில் தொங்கவிட்டாள். ஒரு வாரம் ஊரே அண்ணாந்து பார்த்துச் சிரித்தது. பசிலிக்கோவுக்கு அவள் ஊற்றும் தண்ணீரில் உப்புப் போட்டேன். மூன்று செடி செத்தது. நான்காவதை நட்டுவிட்டு, "கடல் காத்து ஒத்துக்கல போல, பாவம்" என்று என்னிடமே சொல்லி வருத்தப்பட்டாள். நான் ஆறுதல் சொன்னேன்.

இந்தக் கோடையில் மார்க்கேசா முகப்பு முழுவதற்கும் புது வண்ணம் பூசச் சொன்னாள். ஜூலையில் சாரம் கட்டி, துணி போட்டு மறைத்து, பச்சீச்சா வேலையைத் தொடங்கினான். அவனை உங்களுக்குத் தெரியும், கை முழுக்க வண்ணமும் வாய் முழுக்கக் கதையுமாகத் திரிகிறவன். கொத்து வேலையும் செய்வான், சுவரில் ஜன்னலும் வரைவான். இந்தக் கரையில் அவனுக்கு நிகர் இல்லை. சாரத் துணிக்குப் பின்னால் என்ன நடந்தாலும் வெளியே தெரியாது என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

கட்டடத்தின் ஆதி வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாவது ஜன்னலும் முதலில் வரைந்ததாகத்தான் இருந்திருக்கும் என்று என் அனுபவம் சொன்னது. வரைபடத்தில் அந்த மூலையை மட்டும் எலி தின்றிருந்தது. ஆகவே நான் ஜன்னலை அடைத்தேன் என்று சொல்வதைவிட, வீட்டுக்கு அதன் முகத்தைத் திருப்பிக் கொடுத்தேன் என்று எழுதிக்கொண்டால் பொருத்தமாக இருக்கும். உங்கள் இஷ்டம்.

எர்சீலியாவுக்கு முழங்கால் வலி. மலைக்கு அந்தப் பக்கம் கந்தக வெந்நீர் ஊற்றில் முதியோருக்கு அரசாங்கச் செலவில் இரண்டு வார சிகிச்சை இருக்கிறது. டாக்டரிடம் சொல்லிச் சீட்டு வாங்கியதும், விண்ணப்பம் நிரப்பியதும், பேருந்தில் ஜன்னல் ஓர இடம் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, உப்பிலிட்ட நெத்திலி ஒரு சீசா கையில் திணித்தாள். "நீ நல்லவன்டா, மூஞ்சிதான் சரியில்ல" என்றாள். நெத்திலி மிக நன்றாக இருந்தது.

பச்சீச்சாவிடம், அக்கா கீழே பின்கட்டு அறைக்கு மாறச் சம்மதித்துவிட்டாள், சாமான்களைத் திரும்பி வந்ததும் நகர்த்திக்கொள்வாள் என்றேன். அவன் மேல் தப்பில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளிருந்து ஒற்றைச் செங்கல் கனத்தில் அடைத்தான். ஜன்னல் ஓரம் ஓடிய மின்கம்பிக்காக அந்த அறையின் பியூஸைப் பிடுங்கினான். வெளியே பூச்சுப் பூசி, இரண்டு கதவும் சமமாகத் திறந்திருப்பது போல வரைந்தான். என் கண்ணில் நீர் வந்துவிட்டது, மரெஷாலோ. பதினெட்டு ஜன்னல்களும் முதல் தடவையாக ஒரே பேச்சுப் பேசின.

ஒரே ஒரு குறை. ஐந்தாவது ஜன்னலின் விளிம்பில் தக்காளி டின்னையும் பசிலிக்கோவையும் வரைந்து வைத்திருந்தான்.

"இது யாரக் கேட்டு?" என்றேன்.

"அந்தம்மா ஜன்னல்ல செடி இல்லாம வரைய கை கேக்கல ஜியோமெத்ரா. அத அழிக்கச் சொன்னீங்கன்னா நீங்களே ஏறி அழிச்சுக்குங்க. நான் வரமாட்டேன்."

எனக்கு உயரம் ஆகாது. அதனால் இரண்டாவது ஜன்னலிலும் அதே போல ஒரு டின்னை வரையச் சொன்னேன். அதற்கு மட்டும் சரி என்றான்.

இனிமேல் சொல்வதை நிதானமாக எழுதுங்கள். எர்சீலியா தனியாக இருப்பவள். வாசலுக்கு எதிரே ரொட்டிக் கடை வைத்திருக்கும் பீனாவுக்கும் அவளுக்கும் ஓர் ஏற்பாடு. காலை எட்டு மணிக்குள் ஐந்தாவது ஜன்னலின் கதவு திறக்காவிட்டால் பீனா மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிடுவாள். தனியாக இருக்கும் கிழவிகளுக்கு நம் ஊரில் இதுதான் வைத்தியம், இதுதான் காவல். போன பனிக்காலத்தில் காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தபோது எட்டே காலுக்கெல்லாம் பீனா அடுப்பில் ஃபொக்காச்சா ரொட்டியைக் கருகவிட்டுவிட்டு ஓடி வந்தாள். நானும் அப்போது அங்கே இருந்தேன். ஆமாம், இந்த ஏற்பாடு எனக்குத் தெரியும். ஆனால் வரையச் சொல்லும்போது நான் சமநிலையைப் பற்றித்தான் நினைத்தேன். பதினேழு ஜன்னல் திறந்திருக்கும்போது ஒன்றை மட்டும் மூடியதாக வரைவார்களா? நீங்களே சொல்லுங்கள்.

புதன்கிழமை சாரம் இறங்கியது. எர்சீலியா ஞாயிற்றுக்கிழமைதான் வருவதாக இருந்தது. அவளுக்குக் காட்டுவதற்கு முத்திரைகளோடு ஒரு காகிதம் தயாராக வைத்திருந்தேன். முத்திரைகள் என்னுடையவைதான், ஆனால் நிறைய இருந்தன. நான்கு நாள் எனக்குப் போதும். செப்டம்பர் நடுவில் காலை ஒன்பதே காலுக்குச் சூரியன் மலை மேல் ஏறி, அந்த முகப்பைச் சாய்வாகத் தொடும். ஆறு நிமிடம். அதற்குமேல் நின்றால் வெறும் வெயில்.

வியாழக்கிழமை மேகம். வெள்ளிக்கிழமை வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. முக்காலியை நட்டேன், ரசமட்டம் பார்த்தேன், மூடியைத் திறந்தேன், மூடினேன். படம் அமைந்தது. வீட்டுக்குப் போய் அன்று முழுவதும் இருட்டறையில் இருந்தேன்.

நமக்குத் தெரியாதது, வியாழக்கிழமை சாயங்காலமே எர்சீலியா வந்துவிட்டாள் என்பது. வெந்நீர் ஊற்றில் போட்ட சோறு அவளுக்குப் பிடிக்கவில்லையாம். பின் படிக்கட்டு வழியாக ஏறியிருக்கிறாள். அறை இருட்டு. விளக்கைப் போட்டால் எரியவில்லை. முப்பது வருடப் பழக்கத்தில் நேரே ஜன்னலைத் திறக்கப் போயிருக்கிறாள். பச்சீச்சா விட்டுப்போன சுண்ணாம்பு மூட்டையில் கால் தடுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அங்கேயே கிடந்திருக்கிறாள். கைக்கு எட்டிய தூரத்தில் ஓர் இரும்பு வாளி. செருப்பைக் கழற்றி அதை வாளியில் தட்டியிருக்கிறாள்.

வெளியே இருந்து பார்த்தால் ஜன்னல் இரண்டு கதவும் திறந்து, செடியோடு, ஜம்மென்று இருக்கிறது. எட்டு மணிக்கு முன்னாலேயே திறந்திருக்கிறது. பீனா எதற்கு மேலே ஏறப்போகிறாள்?

சனிக்கிழமை மத்தியானம் ஆலங்கட்டி மழை பிடித்தது. இதை நான் பார்க்கவில்லை, கடையில் நின்ற பச்சீச்சாதான் சொன்னான். பீனா மேசையைத் துடைத்துக்கொண்டே வாசலைப் பார்த்தவள், அப்படியே நின்றுவிட்டாளாம்.

"பசிலிக்கோ வெளிய நிக்குது."

"அதனால என்ன?"

"ஆலங்கட்டி விழுது, எர்சீலியா பசிலிக்கோவ வெளிய விட்டுட்டு இருக்காளா? செத்துப்போயிட்டாடா அவ! செத்தாத்தான் விடுவா!"

பச்சீச்சா சிரித்திருக்கிறான். "அடியே, அது நான் வரஞ்சதுடி. ஜன்னலே நான் வரஞ்சது. அக்காதான் கீழ மாறிட்டாளே."

"எவன்டா சொன்னான் மாறிட்டான்னு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல், ஏப்ரனோடு ஓடிவிட்டாளாம்.

உயிரோடுதான் இருந்தாள். கிட்டத்தட்ட நாற்பது மணி நேரம். கைப்பையில் ஊற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் இருந்ததால் தப்பினாள் என்று டாக்டர் சொன்னார். முட்டை நாற்றம் அடிக்கும் அந்தத் தண்ணீர் அவளுக்குக் கிடைத்ததே என் ஏற்பாட்டில்தான் என்பதை நான் யாரிடமும் சொல்லிக்காட்டவில்லை. இங்கே பேச்சோடு பேச்சாகச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். ஜன்னல் ஓரக் கட்டில் கொடுத்திருந்தார்கள். பீனா பக்கத்தில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். எர்சீலியா முறைக்கவில்லை.

"படம் நல்லா வந்துச்சாடா?"

"வந்துச்சு அக்கா."

"அப்ப சரி. என் இடுப்பு கோணலானாலும் உன் படம் நேரா நிக்கட்டும்." பிறகு, "வெள்ளிக்கிழமை காலைல நீ தோட்டத்துல இருந்தியாமே. பீனா சொன்னா. நான் தட்டினது கேக்கலையாடா உனக்கு?" என்றாள்.

"கேட்டுது அக்கா. தோட்டத்து பம்ப்புனு நெனச்சேன்."

"பம்ப்பா" என்றாள். தலையைத் திருப்பி வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அன்று மாலைதான், நீங்கள் வாக்குமூலம் வாங்கப் போனபோது, "அவன் நோட்டப் பாருங்க தம்பி, ஒரேஸ்தே எதையும் எழுதாம விடமாட்டான்" என்று அவள் சொன்னாளாம். அவளுக்கு எப்போதும் அடுத்தவர் சாமான் மேல்தான் கண்.

புத்தகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். போன வாரம் லொவாத்தி தொலைபேசியில் அழைத்தாள். "அற்புதம் ஜியோமெத்ரா, ஒரு கோடு பிசகல. ஆனா எப்படிச் சொல்றது, ஆள் செத்த வீடு மாதிரி இருக்கு. வசந்தத்துல ஒரு படம் அனுப்பினீங்களே, மேல ஒரு அம்மா ஆரஞ்சுப் போர்வைய உதறிட்டு நிப்பாங்களே, அத அட்டைக்குப் போட்டுட்டேன். எல்லாருக்கும் ஒரே சந்தோஷம்." அந்தப் படத்தை, என்னால் ஏன் வேலையை முடிக்க முடியவில்லை என்று விளக்குவதற்காக அனுப்பியிருந்தேன். கறுப்புக் கண்ணாடி போடாமல் எடுத்தது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. மரெஷாலோ, வருத்தம் என்று ஒன்று எனக்கு இருக்கிறதா என்று கேட்டீர்களே, இது இருக்கிறது.

இருநூற்றுப் பதினோராவது பக்கத்துக்கு வந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. படித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்க்கிறீர்கள். சரி.

தோட்டத்து பம்ப் மார்ச்சிலேயே பழுதாகிவிட்டது. பழுது என்று பலகை எழுதி மாட்டியவன் நான். அன்றிலிருந்து தன் செடிக்குக் கீழே இறங்கித் தண்ணீர் சுமந்தவள் எர்சீலியா. அதனால்தான் 'பம்ப்பா' என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் பின்வாசல் வழியாக வந்தபோது, படிக்கட்டின் அடியில் அவளுடைய சக்கரப் பெட்டி நின்றது. படத்தில் விழாத இடம்தான். ஆனாலும் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போனேன். அப்போது மேலே தட்டல் தொடங்கியிருந்தது. மேலே போய்ப் பார்க்கலாம் என்று எனக்கும் தோன்றியது. மணி ஒன்பது பத்து. ஏறி இறங்கினால் வெளிச்சம் போய்விடும். அவளுக்கு நாள் முழுக்க நேரம் இருந்தது. வெளிச்சத்துக்கு ஆறு நிமிடம்தான்.

எடுத்து முடித்து முக்காலியை மடக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பீனா கேட்டாள். "ஜியோமெத்ரா, அக்கா வந்தாச்சா? சாரம் இறங்கினதுலேருந்து கதவு திறந்தே இருக்கே."

"வந்தாச்சு. பயண அசதி. தூங்கட்டும், மேல போய்த் தொந்தரவு பண்ணாத" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. வந்துதான் இருந்தாள். பீனா மேலே போனால் சுவரைப் பார்ப்பாள், ஊரைக் கூட்டுவாள், அன்றைக்கே இடிக்கச் சொல்வார்கள். படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று கழுவிப் பார்க்கும்வரை சுவர் எனக்கு வேண்டியிருந்தது. வெள்ளி ராத்திரி கழுவி முடித்தேன், சனிக்கிழமை உலர வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே போய்ப் பார்ப்பதாகத்தான் இருந்தேன். பீனாவுக்குத்தான் எதிலும் பொறுமை கிடையாது.

நீங்கள் விரலை வைத்திருக்கும் வரியைச் சொல்கிறேன். மற்ற இருநூற்றுப் பத்துப் படத்துக்கும் 'இத்தனை நொடி' என்று எழுதியிருக்கிறேன். இதற்கு மட்டும் 'தட்டு 15, நானே 1' என்று இருக்கிறது. காரணம் சாதாரணமானது. ஒரு கையில் வெயில் மறைக்கக் குடை, இன்னொரு கையில் மூடி, கடிகாரத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் தட்டலோ நொடிக்கு ஒன்றாக, அளந்து வைத்தது போல விழுந்துகொண்டிருந்தது. பதினாறு வேண்டும். அதையே எண்ணினேன். இதற்கு மேல் என்னிடம் மறைக்க எதுவும் இல்லை. வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றை மட்டும் நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் யாரும் என் பக்கத்தைப் பார்ப்பதில்லை. பதினைந்தாவது தட்டோடு அவள் நிறுத்திவிட்டாள். அன்றைக்கும் என் படத்தைக் கெடுக்கத்தான் பார்த்தாள்.